புழு மருந்து போட்டால் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடுமா?

கேள்வி கேட்டவர் மூன்று சந்தேகங்களை ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார். குடலில் புழு இருந்தால் நல்ல பாக்டீரியா குறையுமா? புழு மருந்து சாப்பிட்டால் அந்த பாக்டீரியாவும் அழிந்துவிடுமா? நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் சாப்பிட்டால் புழு தானாகப் போய்விடுமா? கடைசியில், புழு இருப்பதே குடலுக்கு நல்லது என்று எங்கோ படித்ததாகவும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: ஒரு குடலுக்குள் சேர்ந்து வாழும் ஒட்டுண்ணியும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று என்ன செய்கின்றன? நான் ஒட்டுண்ணியியல் படித்தவன், ஆய்வகத்தில் மலப் பரிசோதனை பார்த்தே பல வருடங்களை ஓட்டியவன். பாக்டீரியாவின் மரபணு வரிசையைப் படித்துக் கணக்கிடும் வேலை என் கையால் செய்தது கிடையாது. அந்தப் பகுதியை ஆய்வுக் கட்டுரைகள் வழியாகத் தொடர்ந்து வருகிறேன், அவ்வளவுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மருந்து விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் குழப்பம் குறைவு. அல்பெண்டசோல், மெபெண்டசோல் இரண்டும் புழுவின் செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. செல்லின் உள் சட்டகம் கட்டப்படுவது அந்தப் புரதத்தால்தான். அது குலைந்தால் புழுவால் குளுக்கோஸை உறிஞ்ச முடியாது, பட்டினியால் சாகும். குடல் பாக்டீரியாவிடம் இந்த மருந்து பிடிக்கக்கூடிய டியூபுலின் இல்லை. பைரன்டெல் என்ற இன்னொரு புழு மருந்து, புழுவின் நரம்பும் தசையும் சேரும் இடத்தில் வேலை செய்கிறது. பாக்டீரியாவுக்கு நரம்பும் கிடையாது, தசையும் கிடையாது. ஆகவே வழக்கமான புழு மாத்திரை பாக்டீரியாவை நேரடியாகத் தாக்கும் என்று பயப்பட வேண்டாம். அமீபா, ஜியார்டியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் கதை வேறு. அந்த மருந்து ஆக்சிஜன் இல்லாத சூழலில் வாழும் உயிருக்குள் நுழைந்த பிறகுதான் நஞ்சாக மாறுகிறது. அமீபா அப்படி வாழ்வது. நம் பெருங்குடல் பாக்டீரியாவில் மிகப் பெரும்பான்மையும் அப்படியே வாழ்பவை. அதனால் அது இரண்டையும் சேர்த்தே அடிக்கும். மக்கள் இந்த இரண்டு வகை மருந்தையும் 'பூச்சி மாத்திரை' என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் இந்தக் கேள்வியே பாதி எழுகிறது.

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு மிகவும் பிடித்தது சாட்டைப்புழு. முட்டையை நுண்ணோக்கியில் ஒரு முறை பார்த்தால் மறக்காது. பழுப்பு மஞ்சள் நிறம், பீப்பாய் வடிவம், நீளம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. இரண்டு முனைகளிலும் கண்ணாடி போலத் தெளிந்த ஒரு அடைப்பு துருத்திக்கொண்டிருக்கும். மண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த முட்டை வாய் வழியாக உள்ளே போகிறது. வயிற்றின் அமிலத்தைத் தாண்டுகிறது, சிறுகுடல் முழுவதையும் தாண்டுகிறது, அங்கெல்லாம் பெரும்பாலும் பொரிப்பதில்லை. பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வந்த பிறகுதான் பொரிக்கிறது. தான் வந்து சேர்ந்த இடம் இதுதான் என்று முட்டைக்கு எப்படித் தெரிகிறது?

2010இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டார்கள். சுண்டெலியின் சாட்டைப்புழு முட்டைகளை 37 டிகிரி வெப்பத்தில் வெறும் திரவத்தில் வைத்தால் ஏறக்குறைய எதுவும் நடப்பதில்லை. அதே திரவத்தில் எ. கோலை பாக்டீரியாவைச் சேர்த்தால் சில மணி நேரத்தில் முட்டைகள் பொரிக்கத் தொடங்கின. உற்றுப் பார்த்தபோது பாக்டீரியா முட்டையின் இரு முனைகளிலும் இருக்கும் அந்த அடைப்புகளில் போய் மொய்த்திருந்தது. பாக்டீரியாவின் உடலில் நீண்டிருக்கும் மெல்லிய இழைகள்தான் அங்கே ஒட்டிக்கொள்ள உதவின. இழைகள் பற்றிக்கொள்ளும் மானோஸ் என்ற சர்க்கரையைத் திரவத்தில் கலந்ததும், இழைகள் அந்தச் சர்க்கரையிலேயே சிக்கிக்கொள்ள, பொரிப்பது குறைந்தது. சுண்டெலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்துவிட்டு முட்டைகளை ஊட்டியபோது, குடலில் தங்கிய புழுக்களும் குறைந்தன. அதாவது, பாக்டீரியா இல்லையென்றால் இந்தப் புழுவுக்குப் பிறப்பே இல்லை. நல்ல பாக்டீரியா நிறைய இருந்தால் புழு வராது என்ற எளிய கணக்கு இங்கேயே தடுக்கி விழுகிறது.

இதன் அடுத்த பாகம் இன்னும் சுவையானது. 2018இல் அதே நகரிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு, வளர்ந்த சாட்டைப்புழுவின் உடலுக்குள்ளேயே தனியாக ஒரு பாக்டீரியாக் கூட்டம் இருப்பதைக் காட்டியது. அது புழு தங்கியிருக்கும் விலங்கின் குடலிலிருந்து எடுத்துக்கொண்டதுதான், ஆனால் சுற்றியுள்ள கலவையின் நகல் அல்ல. சில வகைகள் மட்டும் புழுவுக்குள் நிலைக்கின்றன, அவை இல்லாவிட்டால் புழுவும் நலிகிறது. அதே நேரத்தில் குடியேறிய புழுக்கள் சுற்றியுள்ள பாக்டீரியாக் கலவையை மாற்றுகின்றன. மாறிய அந்தக் கலவையில், பின்னால் வரும் புது முட்டைகள் அவ்வளவு நன்றாகப் பொரிப்பதில்லை. முதலில் ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்தவர் உள்ளேயிருந்து கதவைத் தாழிடுவது போன்ற காரியம் இது. கூட்டம் சேராமல் இருக்கப் புழு இதைத் 'திட்டமிட்டுச்' செய்கிறதா, தற்செயலாக நடப்பதால் அதற்கு லாபமா என்பது விளக்கம் சார்ந்தது. முட்டை பொரிப்பது குறைகிறது என்பது மட்டும் அளந்து பார்த்த உண்மை. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இவையெல்லாம் சுண்டெலியின் சாட்டைப்புழுவில் செய்தவை. மனிதச் சாட்டைப்புழு அதற்கு மிக நெருங்கிய உறவு, சீக்கத்தில் வாழும் முறையும் ஒன்றே. ஆனால் மனிதக் குடலுக்குள் இதே கதவடைப்பு நடக்கிறதா என்பதை இந்தச் சோதனைகளைக் கொண்டு முடிவு செய்ய முடியாது.

சாட்டைப்புழுவும் பாக்டீரியாவும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்கின்றன. பெரும்பாலான மற்ற விளைவுகள் அப்படி நடப்பதில்லை, நடுவில் குடல் சுவர் இருக்கிறது. குடலின் உட்சுவரில் டஃப்ட் செல் என்று ஒரு வகை உண்டு, எண்ணிக்கையில் மிகக் குறைவு. வெகு காலம் அதன் வேலை என்னவென்றே யாருக்கும் தெரியாமல் இருந்தது. 2016இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதைக் கண்டுபிடித்தன. ஒட்டுண்ணி வந்ததை மோப்பம் பிடிப்பது இந்தச் செல்தான். அது இன்டர்லூக்கின்-25 என்ற சமிக்ஞையை விடுகிறது. அதைக் கேட்டு சுவருக்குள் இருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் இன்டர்லூக்கின்-13ஐ விடுகின்றன. அதன் விளைவாகக் குடல் சுவர் அதிகமான டஃப்ட் செல்களையும், சளி சுரக்கும் செல்களையும் உண்டாக்குகிறது. சளி பெருகும், குடலின் அசைவு கூடும், நீர் சுரக்கும். புழுவை வழுக்கித் தள்ளுவதற்கான ஏற்பாடு இது. ஆனால் அந்தச் சளிதான் பாக்டீரியாவின் வீடும் உணவும். சளி மாறினால், அதில் யார் குடியிருக்கலாம் என்பதும் மாறும். புழு ஒரு பாக்டீரியாவைக்கூடத் தொடாமலேயே முழுக் குடியிருப்பையும் மாற்றிவிட முடிவது இப்படித்தான்.

இதன் பலன் சில சமயம் உடலுக்குச் சாதகமாக இருக்கும். நாட்-2 என்ற மரபணு இல்லாத சுண்டெலிகளில் பாக்டீராய்ட்ஸ் வல்கேட்டஸ் என்ற பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகி, குடலைக் கெடுக்கும். க்ரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய்க்கு ஆளாகும் மனிதர்களிலும் இந்த மரபணுவின் கோளாறு காணப்படுவதால்தான் இந்தச் சுண்டெலிகள் மேல் இத்தனை அக்கறை. 2016இல் வந்த ஓர் ஆய்வில் இவற்றுக்குப் புழுத் தொற்று உண்டாக்கியபோது சளி கூடியது, கிளாஸ்ட்ரிடியேல்ஸ் என்ற இன்னொரு பாக்டீரியாக் குழு வளர்ந்தது, அது அந்தக் கெடுதல் செய்யும் பாக்டீரியாவை அடக்கியது. அதே ஆய்வில் மலேசியாவின் ஓராங் அஸ்லி பழங்குடி மக்களையும் பார்த்தார்கள். புழு மருந்து கொடுத்த பிறகு அவர்களிடம் கிளாஸ்ட்ரிடியேல்ஸ் குறைந்து, பாக்டீராய்ட்ஸ் சேர்ந்த எதிர்க் குழு கூடியது. கேள்வி கேட்டவர் 'புழு நல்லது' என்று படித்த செய்தியின் வேர் இந்த மாதிரி ஆய்வில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மருந்து பாக்டீரியாவைக் கொல்லாவிட்டாலும், புழு போன பிறகு கலவை மாறலாம் என்பதற்கும் இதுவே உதாரணம்.

ஆனால் அதே பொறியமைப்பு கெடுதலாகவும் திரும்பும். புழுவுக்கு எதிராக உடல் எடுக்கும் நிலைப்பாடு ஒரு வகை, நோய் உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு எதிராக எடுக்க வேண்டியது வேறு வகை. ஒன்று மேலோங்கினால் மற்றது தளரும். போதாததற்கு, நீண்ட நாள் தங்க விரும்பும் புழு உடலின் எதிர்ப்பையே மொத்தமாகத் தணித்து வைக்கும். சுண்டெலிகளில் ஹெலிக்மோசோமாய்ட்ஸ் என்ற சிறுகுடல் புழு இருக்கும்போது, நோய் உண்டாக்கும் சால்மோனெல்லா பாக்டீரியா அதிகமாகக் குடியேறுகிறது. அதே புழு, குடல் பாக்டீரியா நார்ச்சத்திலிருந்து தயாரிக்கும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களின் உற்பத்தியைக் கூட்டி, நுரையீரல் ஒவ்வாமையைக் குறைத்ததும் உண்டு. ஒரே புழு, ஒரே விலங்கு, இரண்டு விதமான முடிவு. எந்த நோயை அளவுகோலாக வைத்துப் பார்க்கிறோம் என்பதுதான் அங்கே நல்லது கெட்டதைத் தீர்மானிக்கிறது.

ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள் பக்கம் வந்தால் படம் மறுபடி மாறும். இளஞ்சூடு ஆறாத மலத்தில் அமீபாவைப் பார்ப்பது எங்கள் தொழிலில் பொறுமையைச் சோதிக்கும் காரியம். அரை மணி நேரம் தாண்டினால் அசைவு நின்றுவிடும், பிறகு அதை வெள்ளை அணுவிலிருந்து பிரித்துச் சொல்வதே கஷ்டம். உயிரோடு இருந்தால் உடலின் ஒரு பக்கம் தெளிந்த விரல் போல நீளும், பின்னால் துகள்கள் நிறைந்த பகுதி வழிந்து வரும். அமீபா பாக்டீரியாவைத் தின்று வாழ்வது. பாக்டீரியா இல்லாமல் அதை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் முறை 1961இல்தான் கைகூடியது. அதற்கும் முன்பே, 1950களில், எந்தக் கிருமியும் இல்லாமல் வளர்த்த கினிப்பன்றிகளுக்கு நோய் உண்டாக்கும் அமீபாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடலில் புண் வரவில்லை. ஒரே ஒரு வகை பாக்டீரியாவைக் கூடவே கொடுத்தபோது புண் வந்தது. அமீபா தொற்றியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மட்டும் நோய் வெளிப்படுவதற்கு, கூட இருக்கும் பாக்டீரியாவும் ஒரு காரணம் என்று நம்ப இடமிருக்கிறது. எந்த பாக்டீரியா, எவ்வளவு என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஜியார்டியாவில் எதிர்ப்பக்கம் தெரிகிறது: 2000இல் வெளியான ஒரு சோதனையில், ஒரே இனச் சுண்டெலிகள் வெவ்வேறு வளர்ப்பகங்களிலிருந்து வந்திருந்தன. ஒரு பிரிவுக்குத் தொற்று பற்றியது, இன்னொன்றுக்குப் பற்றவில்லை. இரண்டையும் ஒரே கூண்டில் சேர்த்து வைத்தபோது எதிர்ப்பு பரவியது. ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் அது கரைந்தது. மரபணு ஒன்றே, வித்தியாசம் குடல் பாக்டீரியாவில் என்பதற்கு இதைவிடத் துப்புரவான சான்று கிடைப்பது அரிது.

பிளாஸ்டோசிஸ்டிஸ் என்ற ஒற்றைச் செல் குடல்வாசியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பரிசோதனை அறிக்கையில் இந்தப் பெயரைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் தகவல்களைத் தொகுத்து 2024இல் வெளியான ஆய்வில், இது குடலில் இருந்தவர்களிடம் உடல் பருமன் குறைவாகவும் இதய, வளர்சிதை மாற்ற அளவுகள் நன்றாகவும் இருந்தன. அதற்காக இது நன்மை செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. நல்ல உணவும் வளமான பாக்டீரியாக் கூட்டமும் உள்ள குடலில் குடியேற இதற்குப் பிடிக்கிறது என்றும் அதே தரவைப் படிக்கலாம். வேறு உபாதை இல்லாதவருக்கு இதைக் கண்டதும் மருந்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மனிதர்களில் புழுவும் பாக்டீரியாவும் பற்றிய ஆய்வுகள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று கேட்டால், என் நுண்ணோக்கி மேசையிலிருந்து ஒரு காரணத்தைச் சொல்வேன். மலேசியாவில் புழு உள்ளவர்களிடம் பாக்டீரியா வகைகள் கூடுதலாக இருந்தன. ஈக்வடாரில் சாட்டைப்புழு உள்ள குழந்தைகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றமே தெரியவில்லை. இவை எல்லாம் மலத்தைச் சோதித்து வந்த முடிவுகள். கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும் வாழ்வது சிறுகுடலில். அங்கே பாக்டீரியா குறைவு, வகைகளும் வேறு. மலத்தில் நாம் பார்ப்பதோ பெருங்குடலின் கடைசிப் பகுதியின் நிலவரம். புழு இருக்கும் இடத்தில் நடப்பது, பல அடி தள்ளி வெளியே வருவதில் தெரிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேலும் புழு உள்ளவர் இல்லாதவரிடமிருந்து உணவு, தண்ணீர், கழிப்பிட வசதி எல்லாவற்றிலும் வேறுபட்டவர். இவை ஒவ்வொன்றும் பாக்டீரியாவைத் தனியாகவே மாற்றும். மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அதே ஆளைப் பார்ப்பதுதான் ஓரளவு நியாயமான முறை. அப்படிச் செய்த ஆய்வுகளிலும் மாற்றம் பல சமயம் சிறியதே.

சிறுகுடல் என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. 1989இல் பன்றியின் குடலிலிருந்து பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்து, பன்றியின் பாதுகாப்புப் பொருள் என்று அறிவித்தார்கள். 2003இல் தெரிந்தது, அது பன்றியுடையதே அல்ல, அந்தக் குடலில் இருந்த உருண்டைப்புழுவுடையது. ஆக, புழுக்களிடம் சொந்தமாக பாக்டீரியா எதிர்ப்பு ஆயுதம் இருப்பது உறுதி. சுற்றியுள்ள பல்லாயிரம் கோடி பாக்டீரியாவின் மேல் அதன் தாக்கம் எவ்வளவு என்பது வேறு கணக்கு. தன் தோலைக் காத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் அது இருக்கும் என்பது என் ஊகம்.

புரோபயாடிக்கால் புழு போகுமா என்பதற்குப் பதில் சுருக்கமானது: போகும் என்று நம்பி மருந்தைத் தள்ளிப்போட எந்த ஆதாரமும் இல்லை. சுண்டெலியில், புரோபயாடிக்குகளில் வழக்கமாக வரும் லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவின் ஒரு வகையும் சிறுகுடல் புழுவும் ஒன்றையொன்று வளர்த்துவிட்டதைக்கூடக் கண்டிருக்கிறார்கள். மறுபக்கம், புழுவையே மருந்தாகக் கொடுக்கும் முயற்சியும் நடந்தது. பன்றிச் சாட்டைப்புழுவின் முட்டைகளை 2005இல் க்ரோன்ஸ் நோயாளிகள் 29 பேருக்குக் கொடுத்தபோது பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்தது. ஒப்பிடுவதற்குப் போலி மருந்துக் குழு அதில் இல்லை. போலி மருந்தோடு ஒப்பிட்டுச் செய்த பெரிய சோதனை 2013இல் தோற்றது. இணையத்தில் முட்டை விற்பவர்கள் முதல் கதையோடு நிறுத்திக்கொள்வார்கள். உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு மண் வழிப் பரவும் புழுக்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் அதிகப் புழு உள்ள குழந்தைகளுக்கு ரத்தசோகையும் வளர்ச்சிக் குறைவும் வருவதில் சந்தேகம் ஏதும் இல்லை. சாத்தியமான ஒரு பாக்டீரியா நன்மைக்காக அவர்களுக்கு மருந்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் அதே பதில்தான்.

புழுவும் பாக்டீரியாவும் சேர்ந்து ஆளையே கொல்லும் ஓர் இடம் உண்டு. அதை யாரும் கேட்பதில்லை என்பதால் நானே எழுதிவிடுகிறேன். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற சிறுகுடல் புழு, மற்றவை போலல்லாமல், உடலுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். பல பத்தாண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ வேறு எதற்கோ ஸ்டீராய்டு கொடுக்கும்போது கட்டுப்பாடு உடைகிறது. இளம்புழுக்கள் கூட்டமாகக் குடல் சுவரைத் துளைத்து ரத்தத்துக்குள் போகின்றன. போகும்போது குடல் பாக்டீரியாவையும் கூட்டிக்கொண்டு போகின்றன. காரணம் தெரியாமல் ரத்தத்தில் திரும்பத் திரும்ப எ. கோலை, க்ளெப்சியெல்லா வளர்வதும், சில சமயம் மூளை உறையில் அதே பாக்டீரியா கிடைப்பதும் இதனால்தான். ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தால் தாற்காலிகமாக அடங்கி மறுபடி வரும், பாக்டீரியாவைச் சுமந்து வரும் புழு உள்ளேயே இருப்பதால். இந்தப் புழு சாதாரண மலப் பரிசோதனையில் அடிக்கடி தப்பிவிடும், ஒரு மாதிரியில் இல்லை என்பதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனை கூடுதல் உதவி. அல்பெண்டசோலின் ஒற்றை மாத்திரையும் இதற்குப் போதாது, ஐவர்மெக்டின்தான் முதல் தேர்வு. வெறுங்காலோடு மண்ணில் நடந்து வளர்ந்தவர், அல்லது இந்தப் புழு பரவலாக உள்ள இடத்தில் வாழ்ந்தவர், நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்கப் போகிறார் என்றால், முதல் மாத்திரைக்கு முன்பே ஸ்ட்ராங்கிலாய்டிஸ் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேட்கட்டும்.